மூன்று முறை மணி கேட்டாள்

பிரிந்திருக்கும் அப்பாவையோ அம்மாவையோ குழந்தை சந்திக்கும்போது மேற்பார்வைக்காகக் கூடவே உட்கார்ந்திருந்து, பார்த்ததை அறிக்கையாக எழுதிக் கொடுப்பது என் வேலை. அன்று அப்பாவுடன் நடந்த சந்திப்பில் அந்தக் குழந்தை என்னிடம் மூன்று முறை மணி கேட்டாள். மூன்று முறையும் நான் மணி சொன்னேன். நடந்தது அவ்வளவுதான்.

மூன்றாவது முறை மட்டும் கேள்வி கொஞ்சம் மாறியிருந்தது.

"அக்கா, இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

"இருபது நிமிஷம்டா."

"சரி" என்றாள். திரும்பிப் போய் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து வண்ணம் தீட்டத் தொடங்கினாள். இரண்டு வருஷமாகியும் அந்தச் "சரி" என் காதை விட்டுப் போகவில்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் அப்பா செய்ததில் குறை சொல்ல எதுவும் இல்லை. கால் மணி நேரம் முன்னதாகவே வேறு வாசல் வழியாக வந்தார். அம்மாவும் குழந்தையும் கிளம்பிப் போய்க் கால் மணி நேரம் ஆகும்வரை உள்ளேயே காத்திருந்தார். காதில் ரகசியம் பேசவில்லை. இப்போது எங்கே இருக்கிறீர்கள், எந்தப் பள்ளி என்று துருவவில்லை. அம்மாவுக்குத் தூது சொல்லி அனுப்பவில்லை. சந்திப்பைப் பாதியில் நிறுத்தும் அதிகாரம் எனக்கு உண்டு. ஆனால் எதைக் காட்டி நிறுத்துவது?

குழந்தையிடம் முதல் நாளே ஒரு ஏற்பாடு சொல்லி வைத்திருந்தோம். "போதும்னு தோணினா அக்காகிட்ட வந்து தண்ணி கேளு. நான் புரிஞ்சுக்குவேன்." அவள் தண்ணீர் கேட்கவில்லை. இதைப் பல முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டுவிட்டேன். ஆனால் அவளுக்கு ஏழு வயது. சொல்லி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்தச் சொல்லை அவள் மறந்துவிட்டு, கையில் கிடைத்த வேறொரு சொல்லோடு வந்திருந்தால்?

"போகணுமா?" என்று நானே கேட்டிருக்கலாம். அப்பாவின் காதுபட அப்படிக் கேட்டால் பதிலின் பாரம் முழுக்க அவள் தலையில் விழும் என்பதால்தான் கேட்கவில்லை. இப்போதும் அது சரியான காரணம் என்றே நினைக்கிறேன். தனியே அழைத்துப் போய்க் கேட்டிருக்கலாமே என்றும் நினைக்கிறேன்.

பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. 'பயந்தாள்' என்று எழுதக் கூடாது, 'கதவருகே நின்றாள்' என்று எழுதலாம். அதன்படி, "குழந்தை மூன்று முறை நேரம் கேட்டாள்" என்று எழுதினேன். நீதிமன்றத்தில் அப்பா தரப்பு, நேரம் தீர்ந்துவிடுமோ என்ற ஏக்கம் என்றது. அம்மா தரப்பு, எப்போது விடுவார்கள் என்ற தவிப்பு என்றது. எது என்று என்னைக் கேட்டார்கள்.

"பொருள் சொல்வது என் வேலை இல்லை" என்றேன். பயிற்சியில் கற்ற பதில். இரு தரப்புக்கும் பொதுவாக இருப்பவர்கள் வேறெப்படிப் பேச முடியும்? ஆனால் அவளையும் அப்பாவையும் தவிர அந்தக் குரலைக் கேட்டவள் நான் ஒருத்திதான்.

ஐ.நா.வின் 1989 குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில், பிரிந்திருக்கும் பெற்றோருடன் தொடர்பு வைத்துக்கொள்ளக் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது 9-ஆவது பிரிவு. அவளுடைய நலனுக்கு எதிராக இல்லாதவரை, என்றும் சொல்கிறது. தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமை 12-ஆவது பிரிவில் இருக்கிறது. அன்று நான் முதல் உரிமைக்குக் காவலாக உட்கார்ந்திருந்தேன். அவள் எழுந்து வந்தது இரண்டாவதற்காகவா?

வீட்டுக்குள் கை ஓங்குகிறவர்கள் பலர் வெளியாள் முன்னால் கை ஓங்குவதில்லை. இந்த வேலையில் இருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். அப்படியிருந்தும் குறை இல்லாத அறிக்கைகள் சேரச் சேர, மேற்பார்வை இல்லாத சந்திப்புக்கு வழி திறக்கிறது. என் அறிக்கைகளும் அப்படிச் சேர்ந்தன. சில மாதங்களில் அந்தக் குடும்பம் எங்களிடம் வருவது நின்றது. அப்புறம் என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியும் இல்லை, உரிமையும் இல்லை.

அதன் பிறகு அறையில் ஒரு பெரிய கடிகாரத்தைத் தாழ்வாக மாட்டச் சொன்னேன். கேட்கத் தயங்கும் குழந்தை தானே பார்த்துக்கொள்ளட்டும் என்று. இப்போது யாரும் எழுந்து வந்து என்னிடம் மணி கேட்பதில்லை. போன வாரம் ஒரு பையன் வந்திருந்தான். "கடிகாரத்தை ஐந்து முறை பார்த்தான்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.