பெயர்ப்பலகை பார்க்கும் படிப்பு

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பெயர்ப்பலகையைப் படமெடுக்கக் கேமராவைத் தூக்கினாலே கடைக்காரர்கள் முகம் மாறிவிடுகிறது. துன் சம்பந்தன் சாலைப் பூக்கடை அக்கா மாலை கட்டுவதை நிறுத்திவிட்டு, "டிபிகேஎல்ல இருந்தா வர்றீங்க?" என்றார். "இல்லக்கா, மாஸ்டர்ஸ் படிக்கிறேன்." "இந்த வயசுலயா!" என்று சிரித்து ஒரு முழம் மல்லிகையைக் கையில் திணித்தார்.

அவர் பயம் நியாயம்தான். டிபிகேஎல் என்றால் கோலாலம்பூர் மாநகராட்சி, பலகை விதிகளைக் கவனிப்பது அதுதான். கோலாலம்பூரில் பெயர்ப்பலகை என்றால் மலாய்க்கே முதலிடம், எழுத்தும் பெரிதாக இருக்க வேண்டும். அதற்குக் கீழே தமிழுக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது, அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. கடைத்தெருவில் பலகை பார்ப்பதெல்லாம் ஆராய்ச்சியா என்று மாமா கேட்டார். லாண்ட்ரி, பூரிஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பொது இடப் பலகைகளின் மொழி பற்றி, கனடாவின் பிரெஞ்சு பேசும் மாணவர்களை வைத்து 1997இல் எழுதிய கட்டுரையை அனுப்பினேன். இன்னும் திறக்கவில்லை போலிருக்கிறது.

ஆய்வு வழி முதுகலையில் தேர்வுத் தாள் கிடையாது. கேட்க சுகமாக இருக்கும். ஆனால் விரட்ட ஆளில்லை என்றால் ஆறு மாதம் அப்படியே ஓடிவிடும். வேலைக்கும் போகிறவர்கள் மேற்பார்வையாளரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பெயர் பெற்றவரைவிட மின்னஞ்சலுக்குப் பதில் போடுபவர் மேல்.

என் மேற்பார்வையாளர் பதில் போடுவார், கேள்வியாக. நகைக்கடை வாசலில் தமிழ் பளிச்சென்று இருக்கிறது. தமிழரே நடத்தும் கைப்பேசிக் கடையில் ஓர் எழுத்துகூட இல்லையே, ஏன்? வாடிக்கையாளர் யார் என்பதைப் பொறுத்தது என்றேன். "ஊகம் வேண்டாம், கடைக்காரரைக் கேளுங்கள்" என்றார். சரி, சனிக்கிழமை மறுபடி கிளம்ப வேண்டும்.