பேரேட்டை மூடத் தெரியாதவர்

காரைக்குடியில் ஒரு பைனான்ஸில் நான் கணக்கெழுதியபோது, எனக்கு மேலே இருந்த அண்ணனுக்கு எதுவுமே மறக்காது. கரண்ட் போய் கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தாலும் யாரும் பதற மாட்டோம். "மானகிரிக்காரர் கடைசியா எப்பண்ணே கட்டினாரு?" என்றால் தேதி, தொகை, சில்லறை இல்லாமல் அன்று விட்டுப்போன பாக்கி வரை வந்து விழும். அவர் இருக்கும்வரை கவலை இல்லை என்பார் முதலாளி. எனக்கும் முதலில் பொறாமைதான்.

ஒருநாள் கோட்டையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண், மகளின் காலேஜ் பீஸுக்காக வளையல் வைக்க வந்தார். பாரத்தில் தகப்பனார் பெயரைப் பார்த்ததும் அண்ணன் நிமிர்ந்தார். "உங்கப்பா வச்ச ரெட்டவடச் சங்கிலி திருப்ப முடியாம ஏலத்துல மூழ்கிப்போச்சேம்மா. தீபாவளிக்கு மொத வாரம். நாலு தடவ வந்து தவணை கேட்டாரு." குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அந்தப் பெண் வளையலைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, "அப்புறமா வர்றேண்ணே" என்று படியிறங்கிவிட்டார். கூடவே நின்ற மகளுக்குத் தாத்தாவின் அந்தக் கதை புதிது; முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

சட்டத்துக்கே மறதி உண்டு. 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி புரோநோட்டுக் கடனுக்கு வழக்குப் போட 3 வருஷம். அதற்குள் கடன்காரர் கைப்பட ஒப்புக்கொண்டு எழுதித் தராவிட்டால், பிறகு கோர்ட்டில் நிற்காது. வராக்கடன் என்று எழுதித் தள்ளிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். அண்ணனால் பேரேட்டில்தான் தள்ள முடிந்தது.

செட்டிநாட்டில் இதை விளக்கவே வேண்டாம். 1942-இல் ஜப்பான் பர்மாவுக்குள் வந்தபோது அங்கே நடத்திய வட்டிக்கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்தவர்கள் எத்தனையோ பேர். பின்னால் சுதந்திர பர்மா, கடனுக்கு ஈடாகக் கைக்கு வந்திருந்த நிலங்களை அரசுடைமையாக்கியதும், போனது போனதென்று சொத்தும் கடனும் காட்டும் ஐந்தொகையிலிருந்து எடுத்துவிட்டு வேறு தொழிலில் இறங்கிய குடும்பங்கள் உண்டு. ரங்கூன் பத்திரங்களை எடுத்தெடுத்துப் பார்த்தே காலம் தள்ளியவர்களும் உண்டு. அப்படி ஒரு வீட்டுக்கு நான் கணக்கெழுதப் போயிருக்கிறேன். இலை போட்டு உட்கார்ந்தாலும் ஏக்கர் பேச்சுதான். ஆச்சி பரிமாறிய கவுனரிசி இனிப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள், அவ்வளவு ருசி இருந்தும்.

ரஷ்யாவில் ஷெரஷெவ்ஸ்கி என்று ஒருவர் இருந்தார். லூரியா என்ற உளவியலாளர் பல வருஷம் அவரைச் சோதித்துப் பார்த்தார். என்றைக்கோ வாசித்துக் காட்டிய பட்டியலை அப்படியே ஒப்பிப்பாராம். நினைவாற்றலை மேடையில் காட்டிப் பிழைத்தவருக்கு, முந்தைய காட்சியின் எண்கள் அடுத்த காட்சியில் குறுக்கே வந்து நின்றன. மறந்து தொலைக்கட்டும் என்று தாளில் எழுதி எரித்தும் பார்த்தார். கருகிய தாளிலும் எண்களே தெரிந்தன. இதைச் சொன்னபோது அண்ணன் சிரிக்கவில்லை. "ராத்திரி பன்னெண்டுக்கு மேலதான் தம்பி வருவாங்க. திருப்பினவங்க ஒருத்தரும் வர்றதில்ல. மூழ்கினவங்க மட்டும்."

அவர் ஓய்வு பெற்றபின் புது சாப்ட்வேர் வந்தது. பெயரைத் தட்டினால் அப்பா, அண்ணன், தம்பி எல்லாருடைய பழைய ஏலமும் சிவப்பில் வரும். கவுண்டரில் இப்போது ஓடுகிற கணக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்றேன். "ஏமாத்தினவன் திரும்பி வந்தா?" என்றார் முதலாளி. நியாயம்தான். போலி நகை வைத்தவர்கள், கள்ளக் கையெழுத்துப் போட்டவர்கள் பெயர் மட்டும் சிவப்பில் வரட்டும், திருப்ப முடியாமல் விட்டவர்கள் வேண்டாம் என்று பேசி முடித்தோம். அரைமனதோடுதான் ஒத்துக்கொண்டார். முழுப் பட்டியலும் உள்ளே இருக்கிறது; ஆடிட்டர் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறேன்.