திட உணவு எப்போது? குறைமாதக் குழந்தைக்கு நாங்கள் முடிவெடுத்த விதம்

குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்ததும் திட உணவு தொடங்கலாம் என்பது பெரும்பாலோருக்குத் தெரிந்த செய்திதான். ஆனால் எங்கள் மகன், மருத்துவர் குறித்துக் கொடுத்த தேதிக்கு ஐந்து வாரம் முன்னதாகவே பிறந்தவன் என்பதால், அந்த ஆறு மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதே எங்களுக்கு முதல் சிக்கலாக இருந்தது. பிறந்த நாளிலிருந்து எண்ணினால் ஒரு தேதி வருகிறது. பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணினால், அதாவது மருத்துவர்கள் ‘திருத்திய வயது’ என்று சொல்லும் கணக்கின்படி, அதே தேதி ஒரு மாதத்துக்கும் மேல் தள்ளிப்போகிறது.

நாங்கள் இந்தக் கணக்கைத் தீர்ப்பதற்கு முன்பே, நான்கு மாதம் முடிந்த கையோடு வீட்டில் பேச்சு தொடங்கிவிட்டது. இரவில் அடிக்கடி விழிக்கிறான், கையை ஓயாமல் சப்புகிறான், சாப்பிடுகிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறான், பால் போதவில்லை போலிருக்கிறது என்றார் என் மாமியார். அவர் பிள்ளை வளர்த்த காலத்தில் மருத்துவர்களே நான்கு மாதத்தில் தொடங்கச் சொன்னார்கள் என்றும் சொன்னார், அது உண்மைதான். உலக சுகாதார நிறுவனம், ‘நான்கு முதல் ஆறு மாதம்’ என்றிருந்த தன் பழைய பரிந்துரையை மாற்றி, ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்று அறிவித்தது 2001-இல்தான். ஆகவே அவரை மறுத்துப் பேசுவதைவிட, அவர் சுட்டிக்காட்டிய அறிகுறிகள் உண்மையிலேயே பசியைத்தான் காட்டுகின்றனவா என்று பார்ப்பதே சரியாகப் பட்டது.

பால் போதுகிறதா என்பதைக் கையைச் சப்புவதை வைத்துச் சொல்ல முடியாது. அந்த வயதில் எல்லாக் குழந்தைகளும் சப்பும். எடை வரைபடத்தில் அவனுடைய கோடு தொய்வில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது, சிறுநீரும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. எனவே பால் போதுகிறது என்பதில் எங்களுக்கு ஐயம் இருக்கவில்லை. தூக்கத்தைப் பொறுத்தவரை, இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வில், மூன்று மாதத்திலிருந்தே திட உணவு கொடுக்கப்பட்ட குழந்தைகள், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளைவிட இரவில் கூடுதலாகத் தூங்கியது, மிக அதிகமான வித்தியாசம் தெரிந்த கட்டத்திலேயே ஏறத்தாழ 17 நிமிடம்தான். அன்றைய நிலையில் அந்த 17 நிமிடத்துக்காக நான் எதையும் கொடுத்திருப்பேன் என்றாலும், அதற்காக இன்னும் விழுங்கப் பழகாத ஒரு தொண்டையை அவசரப்படுத்த மனம் வரவில்லை.

எங்களை உண்மையில் யோசிக்க வைத்தது இரும்புச்சத்துதான். கருவில் இருக்கும் குழந்தை தாயிடமிருந்து இரும்புச்சத்தைப் பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான் சேர்த்துக்கொள்கிறது. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அந்தச் சேமிப்பு ஏறத்தாழ ஆறு மாதம் வரை வரும். முன்னதாகப் பிறந்த குழந்தைக்கோ சேமிக்கக் கிடைத்த நாட்களே குறைவு, அதோடு அது வேகமாக வளர்வதால் இருப்பும் சீக்கிரம் கரைந்துவிடும். தாய்ப்பாலில் உள்ள இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும், ஆனால் அதன் அளவு மிகக் குறைவு. இப்படி, இரத்தத்தின் தேவை சீக்கிரம் கொடு என்கிறது. கழுத்தும் நாக்கும் இன்னும் பொறு என்கின்றன.

இதை எங்கள் குழந்தை மருத்துவர் எளிதாகப் பிரித்துவிட்டார். இரும்புச்சத்துச் சொட்டு மருந்தை அவன் எடைக்கேற்ற அளவில் முன்பே எழுதிக் கொடுத்திருந்ததால், அந்தத் தேவைக்காக உணவை அவசரமாகத் தொடங்க வேண்டியதில்லை என்றார். எப்படியானாலும் நான்கு மாதத்துக்கு முன் தொடங்கக் கூடாது, காலவரையின்றித் தள்ளிப்போடவும் கூடாது. இடையில் எந்த நாள் என்பதை அவன் உடலே காட்டட்டும் என்றார். பார்க்க வேண்டியவை மூன்று: தலை ஆடாமல் நிற்கிறதா, பிடித்துக்கொண்டால் நிமிர்ந்து உட்காருகிறானா, வாயில் வைப்பதை நாக்கு வெளியே தள்ளாமல் இருக்கிறதா.

முதல் இரண்டும் கண்ணுக்குத் தெரிபவை. மூன்றாவதைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. சுத்தமான, மென்மையான வெறும் கரண்டியை அவன் கீழுதட்டின் மேல் மெல்ல வைப்பேன். உடனே நாக்கு சுருண்டு முன்னால் வந்து அதை வெளியே தள்ளிவிடும். பால் தவிர வேறெதுவும் உள்ளே போகாமல் காக்கும் அனிச்சைச் செயல் அது. நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் மெல்ல மறையும். சில வாரங்கள் கழித்து, அதே கரண்டியை அவன் உதட்டால் கவ்வி நாக்கைப் பின்னால் இழுத்துக்கொண்டபோது, பிறந்த நாள் கணக்கில் ஆறு மாதம் நிறைந்திருந்தது; திருத்திய வயதுக் கணக்கில் இன்னும் நிறையவில்லை. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு அந்த வாரமே தொடங்கிவிட்டோம்.

முதல் உணவாக, குழைய வேக வைத்து மசித்த பருப்பைத் தாய்ப்பாலில் இளக்கிக் கொடுத்தேன். ஒரு தேக்கரண்டி அளவில் பாதி தாடையில் வழிந்தது. ஓங்கரித்தபோது என் கணவர் பதறிவிட்டார். ஆனால் ஓங்கரிப்பது வேறு, தொண்டையில் அடைத்துக்கொள்வது வேறு. முன்னதில் சத்தமும் இருமலும் இருக்கும். பின்னதில் சத்தமே வராது, அதுதான் ஆபத்து. ஆறு முதல் எட்டு மாதம் வரை உணவிலிருந்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 கலோரி கிடைத்தால் போதும், மீதியைப் பால் பார்த்துக்கொள்ளும் என்று அறிந்திருந்ததால், குறைவாகச் சாப்பிட்ட நாட்களில் வற்புறுத்தவில்லை.

முட்டையையும் வேர்க்கடலையையும் ஒரு வயதுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வீட்டில் இருந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமே 2000-ஆம் ஆண்டில், ஒவ்வாமைக்கு வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு வேர்க்கடலையை மூன்று வயது வரை தள்ளிப்போடச் சொல்லி, 2008-இல் அதைக் கைவிட்டது. 2015-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அத்தகைய குழந்தைகளுக்கு முதல் வயதிலேயே வேர்க்கடலை கொடுத்துவந்தால் அந்த ஒவ்வாமை வெகுவாகக் குறைகிறது என்று காட்டியது. கடுமையான தோல் அழற்சி உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. எங்கள் மகனுக்கு அது இல்லாததால், மழமழவென்று அரைத்த விழுதை நன்றாக இளக்கி, பிறகு நாள் முழுக்கக் கவனிக்க வசதியாகக் காலை வேளையில், ஒவ்வொன்றாகக் கொடுத்தோம். தேனை மட்டும், ஒரு சொட்டுக்கூட, ஒரு வயது வரை நெருங்கவிடவில்லை. அதில் இருக்கக்கூடிய கிருமியின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கக்கூடும். உப்பும் சர்க்கரையும் சேர்க்கவில்லை.

ஒன்பதாவது மாத வாக்கில் மசிப்பதைக் குறைத்துக் கட்டிகட்டியாகவே கொடுக்கத் தொடங்கினேன்; அதை மேலும் தள்ளினால் பின்னாளில் மெல்ல மறுக்கும் பிள்ளையாகிவிடக்கூடும் என்று எச்சரித்திருந்தார்கள். அவன் நன்றாகச் சாப்பிடத் தொடங்கிய பிறகும் இரும்புச்சத்துச் சொட்டு மருந்தை முதல் பிறந்தநாள் வரை நிறுத்த வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார், நாங்களும் நிறுத்தவில்லை.