கனசாவாவில் தண்ணீர் மேடேறிய வழி

ஜப்பானில் கனசாவா நகரின் கென்ரோக்குயென் தோட்டத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் கசுமிகாயிகே குளக்கரையில் இருக்கும் இரண்டு கால் கல்விளக்கின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் எடுத்துக்கொண்டேன். ஆனால் இத்தனை வருடம் குடிநீர்க் குழாய் வேலையிலேயே இருந்தவன் என்பதால், அந்தக் குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் என் மனம் போனது.

1631-இல் ஒரு பெரிய தீ விபத்தில் ஊரும் கோட்டையும் எரிந்துபோயின. அப்போது ஆண்ட மயேதா தொஷித்சுனே, கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி இதாயா ஹெய்ஷிரோவிடம் வேலையை ஒப்படைத்தார். அடுத்த ஆண்டே தத்சுமி வாய்க்கால் தயார். சாய் ஆற்றின் மேல்பகுதியிலிருந்து 10 கிலோமீட்டருக்கும் கூடுதலான தூரம், இடையிடையே மலையைக் குடைந்து, மெல்லிய சரிவிலேயே தண்ணீரை நடத்திவந்திருக்கிறார்கள்.

கடைசிக் கட்டம்தான் கடினம். தோட்டம் ஒரு மேட்டில், கோட்டை எதிர்மேட்டில், நடுவே பள்ளமாக அகழி. (இப்போது அங்கே சாலை ஓடுகிறது. பாலத்தின் மேல் நின்று எட்டிப் பார்த்தால் ஆழம் புரியும்.) தண்ணீரை மூடிய குழாயில் பள்ளத்துக்கு இறக்கி, எதிர்ப்பக்கம் ஏற்றியிருக்கிறார்கள். வரும் இடம் சேரும் இடத்தைவிட உயரமாக இருந்தால் பம்பு தேவையில்லை, தண்ணீரின் அழுத்தமே அதைத் தூக்கிவிடும். கணக்கு எளிதுதான். ஆனால் முதலில் போட்டவை மரக்குழாய்கள்! அந்த அழுத்தத்தில் இணைப்புகள் கசியாமல் பார்த்துக்கொள்வது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். பிற்காலத்தில் கல்குழாய்களுக்கு மாற்றியிருக்கிறார்கள்.

தோட்டத்தின் நீரூற்றும் இதே விதியில்தான் இயங்குகிறது. மேலே இருக்கும் கசுமிகாயிகே குளத்தின் மட்டம்தான் அதற்கு விசை. சுமார் மூன்றரை மீட்டர் உயரம் எழுகிறது. குளத்தில் நீர் குறைந்தால் ஊற்றும் தாழும். ஜப்பானின் மிகப் பழைய நீரூற்று என்கிறார்கள். அங்கிருந்து நகர எனக்கு மனமே வரவில்லை.

குளக்கரையில் கராசாக்கி பைன் மரம் கிளைகளை அகல விரித்து நிற்கிறது. இந்தப் பக்கத்துப் பனி ஈரமானது, கனமானது, கிளையை முறித்துவிடும். அதனால் ஆண்டுதோறும் நவம்பர் 1-ஆம் தேதி தோட்டக்காரர்கள் உயரமான கம்பங்களை நட்டு, உச்சியிலிருந்து வைக்கோல் கயிறுகளை இறக்கிக் கிளைகளைக் கட்டத் தொடங்குகிறார்கள். இந்த ஒரு மரத்துக்கே ஏறத்தாழ 800 கயிறுகள்.

அப்புறம் கோட்டை. அதன் உயர்ந்த கோபுரம் 1602-இல் இடி விழுந்து எரிந்தது, மறுபடி கட்டவே இல்லை. 1881 தீயில் மீதியிலும் பெரும்பகுதி போயிற்று. தப்பியவற்றில் 1788-இல் கட்டிய இஷிகாவா வாயில் வெளிறிய ஈய ஓடுகளோடு அப்படியே நிற்கிறது. நேரம் குறைவாக இருப்பவர்கள் மற்றதை விட்டாலும் கோட்டைக்குள் இருக்கும் கியோகுசென்இன்மாரு தோட்டத்தை விடாதீர்கள். 2015-இல் மீட்டெடுத்தது. அதன் பின்னால் உள்ள மதிலின் உச்சியில் கறுப்புக் கல்லில் ஒரு நீர்த்தாரை வைத்திருக்கிறார்கள். பள்ளம் தாண்டி மேடேறி வந்த தண்ணீரை அங்கிருந்து அருவியாக விழவைத்திருக்கிறார்கள்.