பிணம் விழுமுன் ஊர் தெரிய வேண்டும்

புதிய தொடர் ஒன்றின் முதல் அத்தியாயத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால், அம்மா கேட்கும் முதற் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “இது எவடம், பிள்ளை?” கதாநாயகன் யார், கொலையுண்டது யார் என்று அவர் உடனே கேட்பதில்லை. இடம் இன்னதென்று விளங்கிய பிறகுதான் கதிரையில் சாய்ந்துகொள்வார். திருகோணமலை உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டில் கடந்த சில ஆண்டுகளாகப் பார்த்த தமிழ் இணையத் தொடர்களின் தொடக்கங்களை எல்லாம் நான் அந்தக் கேள்வியைக் கொண்டே நிறுத்துப் பார்க்கிறேன். முதல் அத்தியாயம் என்பது பார்ப்பவரை ஓர் ஊருக்குள் குடியேற்றும் வேலை. அந்த வேலை முடியுமுன் ஒரு பிணத்தைக் காட்டினால் அது யாருக்கும் உறவில்லாத பிணமாகவே கிடக்கும்.

முதல் அத்தியாயத்தைக் குறிக்கும் ‘பைலட்’ என்ற சொல்லும் வழக்கமும் அமெரிக்கத் தொலைக்காட்சியிலிருந்து வந்தவை. அங்கே ஒரு தொடரின் மாதிரியாக ஒரேயொரு அத்தியாயத்தைப் படமாக்கி நிலையத்தாருக்குக் காட்டுவார்கள். அவர்களுக்குப் பிடித்தால்தான் மிகுதிக்குப் பணம் கிடைக்கும். 2013 ஏப்ரலில் அமேசான் நிறுவனம் 14 மாதிரி அத்தியாயங்களை ஒரே நேரத்தில் வெளியிட்டு, எவற்றைத் தொடராக்கலாம் என்று பார்வையாளர்களின் கருத்தைக் கேட்டது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், மாதிரி எதையும் கேளாமல் இரண்டு பருவங்களுக்கு முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எடுக்கப்பட்ட ‘ஹவுஸ் ஒஃப் கார்ட்ஸ்’ தொடரின் 13 அத்தியாயங்களையும் நெட்ஃபிளிக்ஸ் ஒரே நாளில் வெளியிட்டிருந்தது. தமிழில் நாம் பெரும்பாலும் காண்பது இந்த இரண்டாவது முறையைத்தான். எல்லா அத்தியாயங்களும் முடிந்த பிறகே முதல் அத்தியாயம் நம்மிடம் வருகிறது. ஆனால், பிடிக்காவிட்டால் நாம் பத்து நிமிடத்தில் வேறொன்றுக்குத் தாவிவிடுவோம் என்ற அச்சம் மட்டும் அதை எடுத்தவர்களிடம் இருந்துகொண்டேயிருக்கிறது. பிணம் இவ்வளவு அவசரமாக வந்து விழுவதற்கு அந்த அச்சமே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அந்த அச்சத்துக்குப் பணியாத தொடக்கமாக நான் முதலில் சொல்ல விரும்புவது, புஷ்கர்–காயத்ரி உருவாக்கி, பிரம்மாவும் அனுசரணும் இயக்கிய ‘சுழல்’ தொடரை. அது 2022 ஜூன் 17 அன்று வெளியானது. எரிபொருள் வரிசையும் மின்வெட்டும் எங்கள் நாட்களைத் தின்றுகொண்டிருந்த காலம் அது; மின்சாரம் இருந்த நேரத்தில் கைத்தொலைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டு, இருட்டிய பிறகு அம்மாவும் நானும் அந்தச் சிறிய திரையில் பார்த்தோம். சாம்பலூர் என்ற மலையூர், அதன் சீமெந்துத் தொழிற்சாலை, தொழிற்சங்கத் தலைவராகப் பார்த்திபன், பொலிஸ் பரிசோதகராக ஸ்ரேயா ரெட்டி, அவருக்குக் கீழே பணியாற்றும் இளைஞராகக் கதிர் என்று, யாருக்கு யாரோடு என்ன பகை, எந்த வீட்டுக்கும் எந்த வீட்டுக்கும் என்ன தொடர்பு என்பதெல்லாம் முதலில் நிலைநாட்டப்படுகின்றன. தொழிற்சாலை எரியும்போது அது யாருடைய சோறு என்பது நமக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு சிறுமி காணாமற்போகும்போது அவள் யாருடைய பிள்ளை என்பதும் தெரிந்திருக்கிறது.

அதைவிட என்னைக் கட்டிப்போட்டது மயானக் கொள்ளைத் திருவிழா. சிவராத்திரியை அடுத்து அங்காளம்மன் கோயில்களில் நடைபெறும் அந்த விழாவை நான் நேரில் கண்டதில்லை. ஆனால் அதே சிவராத்திரிக்குப் பிந்திய நாட்களில்தான் எங்கள் கோணேசர் பெருமான் மலையிலிருந்து இறங்கி நகர்வலம் வருகிறார். வீதிகள்தோறும் தோரணம் கட்டி, வாசலில் நிறைகுடம் வைத்துக் காத்திருப்போம். ஊர் முழுவதும் ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த இரவுகளில் யார் எங்கே போனார் என்பதை ஒருவரும் கவனிப்பதில்லை என்பது விழா நடக்கும் ஊரில் வளர்ந்த எவருக்கும் தெரியும். திருவிழாவை அலங்காரத்துக்காகச் சேர்க்காமல், குற்றம் ஒளிந்துகொள்ளும் இடமாகவே அமைத்ததுதான் அந்தத் தொடக்கத்தின் நுட்பம். அன்றிரவு அம்மா “எவடம்” என்று கேட்கவில்லை. “எங்கட கும்பத் திருவிழா மாதிரித்தான்” என்று மட்டும் சொன்னார். நவராத்திரிக் காலத்தில் கும்பங்கள் வீதிவலம் வரும் எங்கள் இரவுகளை அவர் நினைத்துக்கொண்டார்.

2025 பெப்ரவரி இறுதியில் அதன் இரண்டாம் பருவம் வந்தபோது, மலை போய்க் கடற்கரை வந்திருந்தது. காளிப்பட்டினம், அட்டகாளித் திருவிழா, லால் ஏற்றிருந்த வழக்கறிஞர் செல்லப்பாவின் மரணம். எனக்கு நெய்தல் நிலம் பழக்கமானது என்பதால் மிகுந்த ஆவலோடு உட்கார்ந்தேன். அதனாலேயே ஏமாற்றமும் கூடியது. கடற்கரையில் வாழ்பவர்களுக்குக் கடல் ஒரு காட்சி அன்று; காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, வள்ளங்கள் இன்று இறங்கினவா, மீன் என்ன விலை என்பவைதான் கடல். இந்தத் தொடக்கத்திலோ கடல் பின்னணியில் அழகாகக் கிடக்க, எல்லோரும் கொலையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். திருவிழாவின் வண்ணங்கள் முதற் பருவத்தைவிடக் கூடியிருந்தும், ஊரின் உள்வீடுகள் குறைந்துவிட்டன.

பிணத்தோடு தொடங்குவதே பிழை என்று நான் சொல்ல வரவில்லை. பிரசாந்த் பாண்டியராஜ் இயக்கத்தில் 2022 பெப்ரவரியில் வந்த ‘விலங்கு’ ஓர் அழுகிய சடலத்தோடுதான் தொடங்குகிறது. பிறகு அந்தச் சடலத்தின் தலையே காணாமற்போகிறது. ஆனால் அங்கே ஊரின் இடத்தைப் பொலிஸ் நிலையம் எடுத்துக்கொள்கிறது. மேலதிகாரியின் ஏச்சு, கீழுள்ளவர்களின் அலுப்பு, விமல் ஏற்ற உப பரிசோதகரின் வீட்டுக் கவலை ஆகியவை ஒரு வேலைத்தலத்தின் உண்மையான மூச்சோடு வருகின்றன. அதே ஆண்டு டிசெம்பரில் வந்த ‘வதந்தி’, கன்னியாகுமரிப் பக்கத்தில் கண்டெடுக்கப்படும் ஒரு பெண்ணின் உடலை ஊடகங்கள் வேறொருத்தியுடையது என்று பரப்புவதிலிருந்து தொடங்குகிறது. சிறந்த எண்ணம்தான். ஆயினும் வேலோனி என்ற அந்தப் பெண்ணின் வீட்டை நான் அறியுமுன் அவளைப் பற்றிய ஊர்வாயை அறிந்துவிட்டேன். அது இயக்குநர் வேண்டுமென்றே செய்தது என்றாலும் எனக்கு அந்தப் பிள்ளைமீது பரிவு வரச் சில அத்தியாயங்கள் சென்றன.

பிணமே இல்லாமல் நம்மை இருத்தி வைக்க முடியும் என்பதற்கு ‘அயலி’ இருக்கிறது. முத்துக்குமார் இயக்கி 2023 ஜனவரி 26 அன்று வந்த தொடர் அது. புதுக்கோட்டைப் பக்கத்து வீரப்பண்ணை என்ற கிராமம், 1990ஆம் ஆண்டு. பெண் பிள்ளை பெரியவளானால் பள்ளியை நிறுத்திக் கலியாணம் கட்டிக் கொடுத்துவிட வேண்டும், இல்லையேல் தெய்வம் சினக்கும் என்ற கட்டுப்பாடு. அந்த ஊரில் எந்தப் பெண்ணும் பத்தாம் வகுப்பைத் தொட்டதில்லை. தமிழ்ச்செல்வியோ வைத்தியராக வேண்டும் என்று நினைக்கிறாள். இவ்வளவுதான். கத்தியில்லை, குருதியில்லை; ஆனால் அந்தப் பிள்ளையின் உடலே அவளுக்கு எதிரான கடிகாரமாக ஓடத் தொடங்குகிறது என்பது விளங்கியதும் என்னால் எழுந்து போக முடியவில்லை. பூப்புனித நீராட்டு விழாவுக்கு மண்டபம் பிடித்து, படம் எடுத்து, ஊரழைத்துச் செய்யும் எங்கள் சமூகத்தில் இதைக் குடும்பமாக இருந்து பார்ப்பது இலேசான காரியம் அன்று. அம்மா நெடுநேரம் ஒன்றும் பேசாமலிருந்து, தன்னோடு படித்துப் பாதியில் நின்றுபோன தோழிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

‘தலைவெட்டியான் பாளையம்’ பற்றி நீட்ட வேண்டியதில்லை. ‘மர்மதேசம்’ தந்த நாகாவின் இயக்கம் என்பதால் எதிர்பார்த்தேன்; ஆனால் அதன் மூலமான ‘பஞ்சாயத்’ என்ற ஹிந்தித் தொடரை முன்னரே பார்த்திருந்த எனக்கு, வேறோர் ஊருக்காகத் தைத்த சட்டையை இந்த ஊருக்கு உடுத்தியது போலவே இருந்தது.

இனி, எங்களைப் பற்றிய தொடக்கம். 2021 ஜூன் 4 அன்று வந்த ‘த ஃபமிலி மான்’ என்ற ஹிந்தித் தொடரின் இரண்டாம் பருவம், இலங்கையிலிருந்து தப்பிச் செல்லும் போராளித் தலைவர்களிலிருந்து தொடங்குகிறது. வெளிவருமுன்னரே தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்து, தமிழ்நாட்டு அரசு அதைத் தடைசெய்யுமாறு மத்திய அரசுக்குக் கடிதம் எழுதியது. அந்த அரசியலை ஒதுக்கி வைத்துப் பேசினாலும், முதல் அத்தியாயத்திலேயே எனக்குக் கதவு மூடிவிட்டது. காரணம் அவர்கள் பேசிய தமிழ். யாழ்ப்பாணத்துப் பேச்சு வேறு, மட்டக்களப்புப் பேச்சு வேறு, எங்கள் பேச்சு வேறு. கிண்ணியாவிலும் மூதூரிலும் எங்கள் முஸ்லிம் அயலவர்கள் பேசும் தமிழின் இராகம் இன்னுமொன்று. எந்தத் திசைக்கும் சேராத ஒரு மொழியை வாயில் வைத்துக்கொண்டு, எங்கள் துயரத்தைச் சுமப்பதாக ஒரு பாத்திரம் சொல்லும்போது, அந்தத் துயரத்தை நான் எப்படி நம்புவது? அந்தப் பாத்திரத்தை ஏற்ற சமந்தா கடுமையாக உழைத்திருந்தார் என்பதை நான் மறுக்கவில்லை. அவருக்கு எந்த ஊரும் கொடுக்கப்படவில்லை என்பதே என் முறைப்பாடு.

எங்கள் நகரில் கையடக்கக் கமெராவோடு குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நாளை ஒரு தொடரின் முதல் அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தால், கோணேசர் கோயில் நிற்கும் எங்கள் சுவாமிமலையை ட்ரோனில் சுற்றிக் காட்டித் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். விடியற்புறத்தில் கரைவலை இழுக்கும் குரல்களிலிருந்து தொடங்கலாம். பேருந்து நிலையத்தருகே சனத்துக்குள் அச்சமின்றி நடமாடும் மான்களிலிருந்து தொடங்கலாம். மூதூர் பஸ்ஸுக்குள் தமிழும் சிங்களமும் கலந்து நடத்துநரோடு மிச்சக்காசுக்கு வாதாடும் ஒரு பெண்ணிலிருந்து தொடங்கலாம். அவள் எந்த நிறுத்தத்தில் இறங்குகிறாள், வாசலில் யார் காத்திருக்கிறார் என்பதை ஆறுதலாகக் காட்டட்டும். கொலை தேவையென்றால் அடுத்த அத்தியாயத்தில் வரட்டும்.