உத்தரவு போனில், மெமோ தபாலில்

செப்டம்பர் பிறந்துவிட்டால் கடலோர மாவட்டங்களின் ஆட்சியர் அலுவலகங்களில் வடகிழக்குப் பருவமழை முன்னெச்சரிக்கைக் கூட்டம் நடக்கும். வருவாய்த் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்தக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பை எழுதுவது பல வருடங்கள் என் தலையில்தான் விழுந்தது. மணல் மூட்டை எத்தனை, மரம் அறுக்கும் இயந்திரம் எத்தனை, புயல் பாதுகாப்பு மையங்களில் ஜெனரேட்டர் ஓடுகிறதா, பாம்பு பிடிப்பவரின் போன் எண் என்ன என்று வரிசையாகப் போகும். ஒவ்வொரு பத்தியும் 'சம்பந்தப்பட்ட அலுவலர்கள் உரிய நடவடிக்கை எடுக்க அறிவுறுத்தப்பட்டது' என்று முடியும். அந்த நடவடிக்கைக்குப் பணம் எந்தத் தலைப்பில் வரும் என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் எழுத மாட்டேன்.

புயல் அடித்து ஓய்ந்து, சனங்கள் சாலையில் உட்கார்ந்து, அமைச்சரின் காரை மறித்துவிட்டால் அலமாரியிலிருந்து முதலில் எடுக்கப்படுவது இந்தக் குறிப்புதான். முன்கூட்டியே அறிவுறுத்தியாயிற்று, கீழே இருப்பவர்கள் செய்யவில்லை என்பதற்குச் சாட்சி அதில் தயாராக இருக்கிறது.

ஒரு வருடம் எங்கள் பக்கத்துக் கடலோர கிராமம் ஒன்றில் பாதுகாப்பு மையத்து ஜெனரேட்டர் ஓடவில்லை. கட்டடம் நன்றாகத்தான் இருந்தது, இயந்திரத்திலும் கோளாறு இல்லை, டீசல் இல்லை. இருட்டில் கைக்குழந்தைகளோடு சனங்கள் விடிய விடிய உட்கார்ந்திருந்ததைத் தொலைக்காட்சியில் காட்டிவிட்டார்கள். மறுநாள் பார்வையிட வந்த பெரியவர் கேமராவுக்கு முன்னால் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, "என்னய்யா வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு வாரத்தில் அலுவலருக்கு 17(பி) குற்றச்சாட்டு மெமோ வந்தது. அரசுப் பணியில் இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன்: 17(ஏ) என்றால் கண்டனத்தோடோ ஊதிய உயர்வு நிறுத்தத்தோடோ போய்விடும். 17(பி) என்பது வேலையையே பறிக்கக்கூடியது. விசாரணை முடியும்வரை பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வராது. விசாரணையும் லேசில் முடியாது.

அந்த மனிதர் டீசலுக்குப் பணம் கேட்டு ஆகஸ்டிலேயே எழுதியிருந்தார். கடிதம் வட்டாட்சியர் அலுவலகம் வழியாக எங்கள் பிரிவுக்கு வந்து, 'நிதி ஒதுக்கீடு வரப்பெற்றதும் பரிசீலிக்கலாம்' என்ற குறிப்போடு கோப்பில் படுத்திருந்தது. அவரைக் காப்பாற்றியது அவர் கையில் வைத்திருந்த அலுவலக நகல். அதில் ஊதா மையில் 'பெறப்பட்டது' என்ற ரப்பர் முத்திரை, தேதி, தபால் எழுத்தரின் சுருக்கொப்பம். விசாரணை அலுவலர் முன்னால் அதைப் பிளாஸ்டிக் உறையோடு வைத்தார். உறையில் அவர் மகளின் பள்ளிக்கூடச் சான்றிதழ்களும் இருந்தன; வீட்டில் தண்ணீர் ஏறினால் முதலில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவற்றையெல்லாம் ஒன்றாக வைத்திருந்தார். கடைசியில் கண்டனத்தோடு விட்டார்கள். எதற்குக் கண்டனம் என்று நீங்கள் கேட்கக் கூடாது. கேமரா முன்னால் கேட்ட கேள்விக்கு ஏதாவது ஒன்று நடந்தாக வேண்டுமல்லவா?

இதைச் சொன்னால், "எல்லா ஆட்சியிலும் இதுதானே அம்மா" என்று முடித்துவிடுகிறார்கள். எல்லா ஆட்சியிலும்தான். அதனால்தான் இது எப்படி நடக்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன். மழை நேரத்தில் மேலேயிருந்து வரும் உத்தரவு எதுவும் காகிதத்தில் வராது. "அந்த மதகை இப்போது தொடாதே", "அங்கே ஆட்களை வெளியேற்றிப் பீதி கிளப்பாதே", "அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன், பொறு" எல்லாமே போனில். கீழேயிருந்து மேலே போவது மட்டும் எழுத்தில்: நீர்மட்டம், மழையளவு, நேரம், கையெழுத்து. எல்லாம் முடிந்து யார் பொறுப்பு என்று தேடும்போது கையெழுத்து இருக்கும் இடத்தில்தான் ஆள் அகப்படுவான். மேலே போகப் போகக் கையெழுத்து குறைந்துகொண்டே போகும்.

2015 டிசம்பர் நினைவிருக்கும். 1-ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிட்டார்கள். ராத்திரியோடு ராத்திரியாக அடையாறு கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. பொறியாளர்கள் முன்பே திறக்க நினைத்தார்கள், மேலிடத்து அனுமதிக்காகக் காத்திருந்தார்கள் என்று செய்திகள் வந்தன. தலைமைச் செயலாளராக இருந்த ஞானதேசிகன் அதை மறுத்து நீண்ட விளக்கம் கொடுத்தார். அதன் சாரம், ஏரியைத் திறக்க முதலமைச்சரின் அனுமதியும் வேண்டாம், தலைமைச் செயலாளரின் அனுமதியும் வேண்டாம், விதிப்படி பொறியாளர்களே முடிவெடுக்கலாம் என்பது.

விதி அப்படித்தான் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பாலத்துத் திறப்பு விழாவுக்குத் தேதி வாங்கக்கூடப் பத்துப் பேரிடம் கேட்க வேண்டிய நிர்வாகத்தில், தலைநகரின் நடுவே ஓடும் ஆற்றில் வெள்ளத்தை அவிழ்த்துவிடும் முடிவை ஒரு செயற்பொறியாளர் யாரையும் கேட்காமல் எடுத்துவிடுவார் என்று நம்பச் சொன்னால், கோட்டைக்கு ஒரு கோப்பாவது அனுப்பிப் பழகியவர் எவரும் நம்ப மாட்டார். அதிகாரம் இருக்கிறது என்று விதிப்புத்தகம் சொல்லும். பயன்படுத்திப் பார்த்தால் தெரியும் சேதி. சரியாகப் போனால் அது 'அம்மாவின் ஆணைக்கிணங்க' நடந்தது. தவறாகப் போனால் விதிப்படி பொறியாளரின் முடிவு.

2018 ஜூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட மத்திய தணிக்கைத் துறை அறிக்கை, அந்த வெள்ளத்தை மனிதரால் உண்டான பேரழிவு என்றே சொன்னது. அந்த மனிதர் யார் என்பதுதான் இன்றுவரை விளங்கவில்லை.

ஃபெஞ்சல் புயலின்போது காட்சி கொஞ்சம் மாறியது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த புயல் உள்ளே போய்க் கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி தென்பெண்ணையில் இறங்கியது. 2015-இல் பதில் சொன்ன கட்சி இப்போது கேள்வி கேட்டது. அன்று கேள்வி கேட்ட கட்சி பதில் சொன்னது. அப்போது நீர்வளத் துறை அமைச்சராக இருந்த துரைமுருகன் கீழே இருப்பவர்களைக் கைகாட்டவில்லை, ஐந்து முறை எச்சரிக்கை விடுத்தோம் என்றார். விடுத்திருப்பார்கள். எச்சரிக்கை அணையிலிருந்து ஆட்சியருக்கு, அங்கிருந்து வட்டாட்சியருக்கு, அங்கிருந்து கிராமத்துக்கு என்று படியிறங்கி வர வேண்டும். நடுராத்திரியில், மின்சாரம் போன ஊரில், கடைசிப் படியில் நிற்பவரிடம் ஒரு டார்ச்சும் ஒரு பைக்கும் இருக்கும். மேலே இருப்பவர்களுக்கு விடுத்ததோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

வெளிநாட்டில் மட்டும் வேறா என்று பார்த்தால், ஸ்பெயினின் வலென்சியா நம்மூர் போலவேதான் இருக்கிறது. 2024 அக்டோபர் 29 அன்று அங்கே பேய் மழை. வானிலைத் துறை காலையிலேயே சிவப்பு எச்சரிக்கை கொடுத்தது. மக்களின் செல்போன்களுக்கு எச்சரிக்கை போனது இரவு 8.11-க்கு. அதற்குள் தெருக்களில் கார்கள் மிதந்தன. அந்த மாகாணத்தில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிராந்திய அரசின் தலைவர் கார்லோஸ் மசோன் அன்று பிற்பகல் ஒரு பத்திரிகையாளரோடு நெடுநேரம் மதிய உணவில் இருந்தார். மத்திய அரசின் நீர் அமைப்பு சரியான தகவல் தரவில்லை என்று முதலில் அந்தப் பக்கம் கை நீட்டினார். அடுத்த மாதமே, அவசரகாலப் பொறுப்பிலிருந்த சலோமே பிராதாஸைத் தன் அமைச்சரவையிலிருந்து நீக்கினார்.

ஆனால் அங்கே கதை அதோடு முடியவில்லை. ஒரு நீதிபதி விசாரிக்கத் தொடங்கினார். அன்றைக்கு யார் யாரை எத்தனை மணிக்கு அழைத்தார்கள், எந்த அழைப்பு எடுக்கப்படவில்லை என்ற பட்டியல் வெளியே வந்தது. இறந்தவர்களின் குடும்பத்தினர் மாதாமாதம் ஊர்வலம் போனார்கள். 2025 நவம்பர் 3-ஆம் தேதி மசோன் பதவி விலகுவதாக அறிவித்தார். எனக்கு அதில் பிடித்தது அந்த அழைப்புப் பட்டியல்தான். போனில் போன உத்தரவுக்கும் ஒரு காகிதம் கிடைத்துவிட்டதே!

நம்மிடம் பதிவேடு இல்லாமல் இல்லை. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077-க்கு யார் அழைத்தாலும் நேரம், பெயர், ஊர், புகார், எடுத்த நடவடிக்கை எல்லாம் எழுதப்படும். 'மரம் விழுந்துவிட்டது', 'தெருவில் இடுப்பளவு தண்ணீர்' என்று சனங்கள் சொன்னதெல்லாம் அந்த நீளப் பதிவேட்டில் இருக்கும். அதே அறையில் இன்னொரு மேசையில் ஒலிக்கும் போன் மட்டும் எதிலும் ஏறாது.

அதற்கும் ஒரு பதிவேடு வைத்தால் என்ன என்று பணியில் இருந்தபோது ஒரு முன்னெச்சரிக்கைக் கூட்டத்தில் கேட்டுவிட்டேன். எதிரே இருந்த மூத்த அதிகாரி மிக்சர் தட்டை என் பக்கம் நகர்த்தி, "அம்மா, உங்களுக்கு ரிட்டயர்மென்ட் எப்போது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்கவில்லை.