காதில் ஹெட்போன், எதிரே முந்நூறு பேர்

ஒரு டிவி பாட்டுப் போட்டியில் மூன்று வருடம் மானிட்டர் இன்ஜினியராக இருந்தேன். பேர்தான் பெரிசு. பாடுகிறவர் காதில் மாட்டியிருக்கும் இயர்போனில் அவருக்கு என்ன கேட்க வேண்டுமோ, அதைக் கலந்து அனுப்புகிற வேலை. ஒருவருக்குத் தன் குரல் தூக்கலாக வேண்டும். இன்னொருவருக்குக் கீபோர்டு வேண்டும். "அண்ணா, ட்ரம்ஸை மட்டும் கொறைச்சிடுங்க, பயமா இருக்கு" என்பார் மூன்றாமவர். மேடைக்குப் பக்கவாட்டில், இருட்டில், ஒலிகளைக் கலக்கும் மிக்ஸருக்குப் பின்னால் என் இடம். அதில் ஒவ்வொரு மைக்குக்கும் வாத்தியத்துக்கும் தனித்தனிச் சேனல், ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு சோலோ பட்டன் உண்டு. அதை அழுத்தினால் இசைக்குழு மொத்தமும் காணாமல் போய், பாடுகிறவரின் மைக் மட்டும் என் ஹெட்போனில் கேட்கும். மூச்சை இழுப்பது, எச்சில் விழுங்குவது, சுதி நழுவுவது எல்லாம் கேட்கும்.

அந்தப் பட்டன்தான் என்னைக் கெடுத்தது. இந்த ஹாலில் நிஜமாகப் பாட்டைக் கேட்கிற ஒரே ஆள் நான்தான் என்ற எண்ணம் முதல் மாதத்திலேயே வந்துவிட்டது. எதிரே முந்நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். எதற்குக் கைதட்டுகிறார்கள் என்று பார்த்தால் எரிச்சல்தான் வரும். மேல் ஸ்தாயியில் ஒரு சுரத்தைப் பிடித்து நின்றால் போதும், விசில் பறக்கும். அதே ஆள் மந்திர ஸ்தாயியில் இறங்கி, குரல் கரையாமல் ஒரு வரியை முடித்திருப்பார். அது எவ்வளவு கஷ்டம் என்பது பாடிப் பார்த்தவனுக்குத் தெரியும். அதற்கு ஒரு கை கூடத் தட்டாது. கைதட்டல் எழுந்ததும் சில பாடகர்கள் ஒரு காது இயர்போனைக் கழற்றிவிடுவார்கள். கழற்றிய நொடியில் ஹாலின் ஒலி தாமதமாக வந்து மோதும், சுதி ஆட ஆரம்பிக்கும். பார்க்கிறவர்களுக்கு அது ஸ்டைல். இன்னும் பலமாகத் தட்டுவார்கள்.

ஒரு நாள் ஷூட்டிங் மட்டும் அப்படியே நினைவிருக்கிறது. சின்ன வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் கற்ற ஒரு பெண் முதலில் பாடினாள். ஐந்தரைக் கட்டை சுதி. சோலோ பட்டனை அழுத்திவிட்டு எடுக்கவே இல்லை நான். ஒரு சங்கதி, அதாவது வரியில் போடுகிற ஒரு நெளிவு கூடப் பிசகவில்லை, ஒரு சொல் மழுங்கவில்லை. ஹாலில் அளவான கைதட்டல். அடுத்து லேத் பட்டறையில் வேலை செய்கிற ஒரு பையன். அவன் பாடுவதற்கு முன்னால் ஏவி போட்டார்கள். ஏவி என்றால் அவன் வீடு, பட்டறை, அம்மா, அழுகை எல்லாம் வைத்து எடுத்த சின்னப் படம். மேடையின் பெரிய எல்ஈடி திரையில் அது ஓடும்போதே முன்வரிசையில் முந்தானைகள் கண்ணுக்குப் போய்விட்டன. பையன் இன்னும் வாயே திறக்கவில்லை. பிறகு பாடினான். பல்லவி நன்றாகவே வந்தது. இரண்டாவது சரணத்தில் மூச்சு பத்தாமல் வரியின் கடைசிச் சொல் சுதிக்குக் கீழே போய் உட்கார்ந்துவிட்டது. முடித்ததும் முந்நூறு பேரும் எழுந்து நின்றார்கள், நடுவர்களும்.

நான் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்த விதத்தை என் அசிஸ்டன்ட் இன்றும் நடித்துக் காட்டுவான்.

ஆடியன்ஸ் என்று டிவியில் தெரிகிறவர்களில் பலர் தினக்கூலிக்கு வருகிறவர்கள். கோஆர்டினேட்டர் ஒருவர் வேனில் அழைத்து வருவார். ஷூட்டிங் தொடங்குமுன் ஃப்ளோர் மேனேஜர் அவர்களை வைத்தே கொஞ்ச நேரம் தனியாக ஷாட் எடுத்துக்கொள்வார். கைதட்டு, ஆச்சரியப்படு, கண்ணைத் துடை, பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்லு. எடிட்டில் எந்தப் பாட்டுக்கு எந்தக் கண்ணீர் என்று பிறகு முடிவாகும். அப்படிக் குன்றத்தூர் பக்கமிருந்து வரும் அக்கா ஒருவர் டீ பிரேக்கில் என் மிக்ஸர் பக்கம் வந்து நிற்பார். அன்றைக்கு அவரிடமே கேட்டுவிட்டேன்.

"என்னக்கா, அந்தப் பொண்ணு ஒரு இடத்துல கூடப் பிசகல. அவளுக்கு உட்கார்ந்துட்டு, இவனுக்குப் போய் எழுந்து நிக்கிறீங்க?"

"எழுந்து நிக்கச் சொன்னாங்க, நின்னோம்" என்றார். டீயை ஊதிக் குடித்துவிட்டு, "சொல்லலன்னாலும் நான் நின்னுருப்பேன் தம்பி. ரெண்டாவது சரணத்துல அவனுக்கு மூச்சு வாங்குச்சு பாரு, அப்ப எனக்கும் மூச்சு நின்னுபோச்சு. விழுந்துடுவானோன்னு இருந்துச்சு. விழல."

சுதி இறங்கிய அதே இடம். சோலோ பட்டன் இல்லாமல், பன்னிரண்டு பேர் வாசிக்கிற சத்தத்துக்கு நடுவில், பிடித்துவிட்டார். ஜனங்களுக்குக் காது கிடையாது என்று அதுவரை நினைத்திருந்தேன். காதில் விழுந்த பிழையை அவர் வேறு கணக்கில் எழுதிக்கொண்டார், அவ்வளவுதான்.

பெரிய இடங்களிலும் இதே கதைதான் என்று பின்னால் படித்தேன். 2013இல் சியா-ஜங் ட்சாய் என்ற ஆய்வாளர், சர்வதேச சாஸ்திரிய இசைப் போட்டிகளில் முதல் மூன்று இடத்துக்கு வந்தவர்களின் சிறு பதிவுகளைப் போட்டு, யார் ஜெயித்திருப்பார் என்று பலரிடம் கேட்டார். ஒலியை மட்டும் கேட்டவர்கள் தடுமாறினார்கள். சத்தமே இல்லாமல் படத்தை மட்டும் பார்த்தவர்கள் அவர்களைவிடச் சரியாகச் சொன்னார்கள். இசை தெரிந்தவர்களும் இதற்கு விலக்கில்லை. பிரஸ்ஸல்ஸ் நகரில் நடக்கும் ராணி எலிசபெத் இசைப் போட்டியில் யார் எப்போது வாசிப்பது என்பதைக் குலுக்கலில்தான் முடிவு செய்கிறார்கள். அங்கேயும் பின்னால் வாசிக்கிறவர்களுக்கு நல்ல இடம் கிடைக்கும் போக்கு இருப்பதைப் பொருளாதார ஆய்வாளர்கள் இரண்டு பேர் கண்டுபிடித்தார்கள். அவ்வளவு பெரிய நடுவர்களுக்கே இந்தக் கதி என்றால், குன்றத்தூர் அக்காவிடம் போய் நான் என்னத்தைக் கோபப்படுவது?

அந்தப் பையனின் எபிசோட் ஒளிபரப்பானபோது வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டாவது சரணம் வந்தது. மூச்சு வாங்கவே இல்லை. கடைசிச் சொல் சுதியில் ஊசி குத்தின மாதிரி நின்றது. எடிட்டுக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்து கம்ப்யூட்டரில் சுதியைச் சரிசெய்திருக்கிறார்கள், மூச்சையும் வெட்டி எடுத்துவிட்டார்கள். அக்காவை எழுந்து நிற்க வைத்தது எதுவோ அது போய்விட்டது. எழுந்து நிற்கிற அக்கா மட்டும் இருந்தார். நல்லவேளை, அது அவருடைய நிஜ ஷாட்தான். இந்த விஷயத்தில் நம் ஊரை மட்டும் சொல்லவும் முடியாது. 2010இல் பிரிட்டனின் எக்ஸ் ஃபேக்டர் என்ற டிவி பாட்டுப் போட்டியில், தேர்வுச் சுற்றுப் பாட்டொன்றில் ஆட்டோட்யூன் (சுதியைத் திருத்தும் மென்பொருள்) வாடை அடிப்பதாக நேயர்கள் சத்தம் போட்டு, நிகழ்ச்சிக்காரர்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆக, ஒரே பாட்டில் மூன்று குரல். ஹால் ஸ்பீக்கரில் ஒன்று, என் ஹெட்போனில் ஒன்று, வீட்டு டிவியில் ஒன்று. "ஃபோன்ல ஓட்டுப் போட்டியே, எதைக் கேட்டுப் போட்ட?" என்று என் மாமாவிடம் கேட்டேன். "ஒரிஜினல் மாதிரியே இருந்துச்சுப்பா" என்றார். நம்மவர்களுக்கு அதுதான் கடைசித் தராசு. பாலசுப்ரமணியம் பாட்டுக்கு நடுவில் ஒரு சிரிப்பு சிரித்திருந்தால் போட்டியில் பாடுகிறவரும் அதே இடத்தில், அதே அளவு சிரிக்க வேண்டும். விட்டால், "சிரிப்பைக் காணோமே" என்பார்கள். சொந்தமாக ஒரு சங்கதி போட்டால் நடுவர் "பலே" என்பார், பின்வரிசையில் "மாத்திட்டான்" என்று முணுமுணுப்பு கேட்கும். எனக்கு அந்த முணுமுணுப்பின் மேல் கோபமில்லை. நாற்பது வருடமாகச் சமையலறையிலும் பஸ்ஸிலும் கேட்டு மனப்பாடமான பாட்டு அது. அதில் ஒரு கல்லை நகர்த்தினால் காலில் இடிக்கத்தான் செய்யும்.

ஓட்டு என்று வந்துவிட்டால் ஊர் புகுந்துவிடும். 2007இல் இந்தியன் ஐடல் என்ற இந்தி டிவி பாட்டுப் போட்டியில் கடைசிவரை வந்த இருவரில் பிரசாந்த் தமாங் டார்ஜிலிங்காரர், கொல்கத்தா போலீஸ் கான்ஸ்டபிள். அமித் பால் ஷில்லாங்காரர். டார்ஜிலிங் மலையில் கடைகடையாய் நிதி திரட்டி எஸ்எம்எஸ் அனுப்பினார்கள், தமாங் ஜெயித்தார். எங்கள் நிகழ்ச்சியிலும் இறுதிச் சுற்று நெருங்கினால் போட்டியாளர்களின் ஊர்களில் 'எங்கள் மண்ணின் குயிலுக்கு வாக்களிப்பீர்' என்று ஃப்ளெக்ஸ் முளைக்கும். குயில் எந்தக் கட்டையில் பாடுகிறது என்று அங்கே யாருக்கு வேண்டும்?

வேலையை விடுவதற்கு முந்தின வாரம், ஒத்திகை நேரம். அந்தக் கர்நாடக சங்கீதப் பெண் மேடையில் பாடிக்கொண்டிருந்தாள். ஆடியன்ஸ் டீக்குப் போயிருந்தார்கள். அக்கா மட்டும் என் பக்கம் வந்து, "அதுல அப்படி என்னதான் தம்பி கேக்குற எப்பப் பாத்தாலும்?" என்றார். சோலோ பட்டனை அழுத்திவிட்டு ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். நான் மூன்று வருடமாகப் பொத்தி வைத்திருந்த பொக்கிஷம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டு வரி போனது, மூன்றாவது வரி பாதியில் கண்ணைத் திறந்து மேடையைப் பார்த்தார். ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"தேன் மாதிரி இருக்கு தம்பி. ஆனா இதுக்குள்ள யாருமே இல்லையே. அந்தப் பொண்ணு தனியா நிக்குது."

அதற்குள் ஃப்ளோர் மேனேஜர் ஆடியன்ஸை உள்ளே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அக்கா டீ கப்பை என் மிக்ஸர் மேலேயே வைத்துவிட்டு, முன்வரிசை இடம் போய்விடக் கூடாதென்று ஓடினார்.